மஞ்சள் தண்ணீரில் மணிக்கூடு

ஜேர்மனியில் ஒரு பொருள் பழுதானால் யாரும் முதலில் கவலைப்படுவதில்லை. பற்றுச்சீட்டைத் தேடுவார்கள். என் வீட்டிலும் அதற்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. என் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் விழிப்பேன். முட்டை அவிக்கும் மெஷினின் பற்றுச்சீட்டை இருட்டிலும் எடுத்துத் தருவேன். அண்ணன் இறந்த செய்தி கேட்டு டோட்மூண்டிலிருந்து பறந்து வந்து, கனத்தை மயானத்தில் எல்லாம் முடிந்து, வெள்ளவத்தை வீட்டுக் குளியலறை யன்னலில் அவருடைய மணிக்கூடு மஞ்சள் படிந்து காய்ந்து கிடப்பதைக் கண்டபோது எனக்கு அழுகை வரவில்லை. 'வொரண்டி இன்னும் முடியவில்லை' என்ற நினைப்புத்தான் வந்தது. இத்தனை வருடங்களில் அந்த நாடு என்னை நன்றாகத்தான் வளர்த்து எடுத்திருக்கிறது.

அது விளையாட்டு வீரர்களுக்கான மணிக்கூடு. அண்ணன் விளையாட்டு வீரர் அல்லர். கப்பல் கம்பனி ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். காலி வீதியில் பஸ் பிடிக்க ஓடியதுதான் அவருடைய ஓட்டம். இதயத்தில் சின்னக் கோளாறு, தினமும் நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டதால், கடந்தமுறை வந்தபோது வாங்கிக்கொண்டு வந்தேன். தோடம்பழ நிற இறப்பர்ப் பட்டி. கையில் கட்டிவிட்டு, "அண்ணை, நீங்கள் நடக்கிறதை இது எண்ணும்" என்றேன். "ஏன், எனக்கு எண்ணத் தெரியாதோ? எண்ணித்தானேடா இவ்வளவு காலமும் சம்பளம் எடுத்தனான்" என்றார். இரண்டு நாள் கழித்து அண்ணியிடம் முறைப்பாடு வைத்தார்: "இருந்தா எழும்பு எண்டுது, எழும்பினா நட எண்டுது. உமக்கு ஒரு கூட்டாளி கிடைச்சிருக்கு." ஆனால் கழற்றவில்லை.

நாங்கள் அதிகம் கதைக்கிற சகோதரர்கள் அல்லர். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த காலத்தில், சோதனைச்சாவடிக்கு நூறு யார் முன்பாகவே அண்ணன் என்னைப் பின்னால் தள்ளிவிடுவார். "நீ வாயைத் திறக்காதை. உன்ர சிங்களத்தைக் கேட்டா, விட நினைச்சவனும் பிடிப்பான்." அவர் முன்னால் போய்க் கதைப்பார், நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஒருநாள் அதே முதுகின் பின்னால் கட்டுநாயக்கா விமான நிலையம்வரை போனேன். நான் ஏறிவிட்டேன், அவர் அப்பா அம்மாவைப் பார்க்கத் திரும்பினார். அதன்பின் தொலைபேசியில் எங்கள் உரையாடல் மழை, மருந்து, யார் செத்தது என்ற மூன்று தலைப்புகளைத் தாண்டியதில்லை. மணிக்கூடு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அவர் நடந்த பாதை என் ஃபோனிலும், நான் நடந்தது அவருடைய ஃபோனிலும் வரைபடத்தில் சிவப்புக் கோடாக விழும். நான் எழும்பும்போது, கடலோரம் மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிவரை போய்த் திரும்பிய கோடு காத்திருக்கும். எனக்கும் செய்தி வரும்: "நேற்று நீ நடந்தது சுப்பர் மார்க்கெட்டுக்குப் போட்டு வந்தது. படத்தில தெரியுது. ஏமாத்தாதை." அப்பா செத்தபோதும் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

அந்தக் காலையும் வழமைபோல் ஃபோனை வீட்டில் விட்டுவிட்டுத்தான் நடக்கப் போயிருக்கிறார். மரைன் டிரைவில் கடற்பக்கச் சுவரில் சாய்ந்து இருந்தவரை யாரோ முன்பின் தெரியாதவர்கள் முச்சக்கரவண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி உடலையும், ஒரு பையில் அவர் போட்டிருந்த சேட்டையும் மணிக்கூட்டையும் தந்தது. சாவோடு வந்த சாமான் அப்படியே வீட்டுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் சட்டம். அண்ணி குளியலறைப் பேசினில் கொதிதண்ணீர் ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டு, சேட்டையும் மணிக்கூட்டையும் சேர்த்து ஊறவைத்துவிட்டார். ஐம்பது மீற்றர் ஆழத்தையும் தாங்கும் என்று எழுதி விற்றவர்கள், புருஷனைப் பறிகொடுத்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பேசினைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பின்னேரம் அண்ணி பக்கத்தில் வந்து இருந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டே? அண்டைக்கு அவர் நடந்தது இதுக்குள்ள இருக்குமே?"

"இருக்கும் அண்ணி. ஃபோனுக்கு வந்து சேரேல்லை. இதுக்குள்ளதான் நிக்கும்."

"அப்ப பாக்கலாமே... போய்க்கொண்டிருந்தவரோ, திரும்பினவரோ எண்டு?" சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "ஏத்தினவைக்கும் தெரியாதாம். வீட்டுப்பக்கம் திரும்பினவர் எண்டால் எனக்குக் காணும். வர வெளிக்கிட்டவர் எண்டு இருக்கும்." பிறகு, மிகவும் மெதுவாக: "நான் தண்ணியில போட்டதாலயோ பழுதாப்போனது?"

"சீச்சீ. விழுந்த அடியில பழுதாகியிருக்கும்" என்றேன். அண்ணி நம்பினாரோ தெரியாது.

வெள்ளவத்தையில் ஃபோன் திருத்தும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தாடி வைத்த முஸ்லிம் மனிதர். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மணந்தும் பார்த்தார்.

"என்ன சேர், இத கறிக்குப் போட்டீங்களா?"

"செத்த வீடு" என்றேன்.

அவர் முகம் மாறியது. "மன்னிச்சிக்கோங்க சேர். தெரியாமப் பகிடி உட்டுட்டன்." இன்னொருமுறை, இப்போது இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். "தண்ணி போயீக்கி. தெறந்து பாக்கலாம். உள்ளுக்கு ஈக்கிறது தப்பியிருந்தா எடுத்துத் தரலாம், தப்பாட்டி இல்ல. ஆனா இது வெளிநாட்டுச் சாமான். நான் தெறந்தா உங்கட வொரண்டி போயிரும். யோசிச்சிச் செல்லுங்க."

யோசித்தேன். ஒரு பக்கம், கடலைக்கடைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய ஃபோன்களின் குடல்கள். மறுபக்கம், என் கோப்பு, பற்றுச்சீட்டு, முத்திரை உடையாத மணிக்கூடு, வெள்ளைக் கையுறை போட்ட ஜேர்மானியர்கள். "வேண்டாம். அங்கே முறையாகச் செய்வினம்" என்றேன். "உங்கட விருப்பம் சேர்" என்று ஒரு சின்ன பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார். எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோதும் நான் ஜேர்மன்காரன் ஆகவில்லை. ஆனது அந்தக் கடை வாசலில்தான்.

டோட்மூண்டுக்கு வந்ததும் மணிக்கூட்டுக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து, வெந்நீரில் ஊறி மஞ்சள் படிந்த கதையைச் சொன்னேன். என் ஜேர்மன் மொழி இலக்கண சுத்தமானது. ஆகவே ஒருவருக்கும் விளங்குவதில்லை. மறுமுனையில் மிக மரியாதையான ஒரு பெண்.

"பழுதான நேரத்தில் பாவனையாளர் எந்த விளையாட்டில் ஈடுபட்டிருந்தார்?"

"எதிலும் இல்லை. இறந்திருந்தார்."

தட்டெழுதும் சத்தம். "சரி. 'ஏனையவை' என்று போடுகிறேன். வெந்நீரில் ஏன் போடப்பட்டது?"

"அவர் இறந்ததால்."

"தொற்றுநோயா?"

"இல்லை. சாவு."

"மஞ்சள் நிறம் என்ன?"

"குர்க்குமா. சாவு வீட்டுக்குள் வராமல் இருக்கப் போடுவோம்."

"ஆனால் அவர் ஏற்கெனவே..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்தார். அடுத்த மூச்சில், உத்தரவாதம் குளிர்ந்த நீருக்கு மட்டுமே பொருந்தும் என்றும் தெரிவித்தார். இரண்டிலும் ஒரே அளவு உண்மை இருந்தது. அந்த மக்களை என்னால் வெறுக்க முடியாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

நான் விடவில்லை. எங்கள் இனத்துக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. மணிக்கூட்டை அனுப்பி, கூடவே எழுதினேன்: உங்கள் விளம்பரத்தில் ஆழம் இருக்கிறது, வெப்பம் இல்லை, எந்தத் தண்ணீர் என்று எங்கேயும் சொல்லவில்லை, எனக்குப் புதியது வேண்டாம், உள்ளே இருக்கும் கடைசி நடையை மட்டும் எடுத்துத் தாருங்கள். மறுத்தார்கள். திரும்பவும் எழுதினேன். திரும்பவும் மறுத்தார்கள். மூன்றாம் முறை நான் வென்றேன். வாசலில் ஒரு பெட்டி கிடந்தது. அதற்குள் புத்தம்புது மணிக்கூடு. தங்கள் நல்லெண்ணத்தின் அடையாளமாக மாற்றித் தந்திருப்பதாகவும், பழையதை, உரிமையாளரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் பொருட்டு, அதிலிருந்த பதிவுகளோடு முறைப்படி அழித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள்.

முறைப்படி. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு சமையலறையில் நெடுநேரம் நின்றேன். அண்ணனுக்கு என்ன அந்தரங்கம்? போனவரா, திரும்பினவரா என்ற ஒன்றுதான். அதை இந்த உலகத்திலிருந்தே பாதுகாத்துவிட்டார்கள்.

அண்ணிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சில நாட்கள் கடத்தினேன். பழைய பதிவு எங்கேயாவது தப்பி வந்திருக்குமோ என்ற சபலத்தில், என் ஃபோனிலிருந்தே அண்ணனுக்கு நான் திறந்து கொடுத்த கணக்குக்குள் அவருடைய பெயரிலேயே புது மணிக்கூட்டைச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கழற்ற மனமில்லாமல் கையில் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். பனி பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டுக்கு முன்னால் உள்ள கால்வாயோரம் நடந்தேன். சரக்குப் படகு ஒன்று என்னைவிட மெதுவாகப் போனது. பாலம்வரை போய், குளிர் தாங்காமல் திரும்பினேன். படியேறிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. அண்ணி.

"தம்பி! வந்திட்டுது!"

"என்ன அண்ணி?"

"இவற்ர ஃபோன் இப்பத்தான் சத்தம் போட்டுது. திறந்து பாத்தன். இவற்ர பேர், கீழ சிவப்புக் கோடு. திருத்திப்போட்டினம் என்ன? நீங்கள் சொன்னமாதிரி முறையாச் செய்துபோட்டினம்." மூச்சு வாங்கியது. "எழுத்து ஒண்டும் விளங்கேல்லை, கண்ணாடியும் இல்லை. ஆனா நீலம் தெரியுது தம்பி, கடல். கடலோட போயிருக்கிறார். போய், அங்கால நிண்டு... திரும்பியிருக்கிறார். திரும்பி வந்திருக்கிறார் என்ன? வடிவாத் தெரியுது. நீங்களும் பாருங்கோ."

சப்பாத்திலிருந்து பனி உருகிப் படியில் வழிந்துகொண்டிருந்தது. ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அண்ணனுடைய பெயர். நீலம். அதன் கரையோரம் ஒரு கோடு பாலம்வரை போய்த் திரும்பியிருந்தது.

"ஓம் அண்ணி" என்றேன். "திரும்பினவர்தான்."

அவர் அழத் தொடங்கினார். அந்த வீட்டில் நான் கேட்டிராத, பாரம் இறங்கிய அழுகை. ஃபோனை வைக்கச் சொல்ல மனமில்லாமல் நான் படியிலேயே இருந்துவிட்டேன். விசா எடுக்க ஒருநாளும் வரிசையில் நிற்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த என் அண்ணன், வெள்ளவத்தைக் கடலோரம் திரும்பி, பனிக்குள்ளால் நடந்து, டோட்மூண்டில் என் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தார்.