ஒரு மணிக்கு அறுந்த லைன்

சொந்தமாக ஒரு மோடம் வாங்கி என் வீட்டுச் சுவரில் மாட்ட இத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த வேலையில் சேர்ந்தே இருக்க மாட்டேன். பொய். சேர்ந்துதான் இருப்பேன். வேறு வழி இருந்ததா என்ன? லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் விபத்தில் இடுப்பு எலும்பு நொறுங்கிக் கட்டிலில் கிடக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கிப் பிடித்து பாத்ரூமுக்கு நடத்திக்கொண்டு போக என்னை விட்டால் ஆள் இல்லை. நாமக்கல்லைத் தாண்டியிருக்கிற எங்கள் ஊரில் இருந்தபடியே செய்ய எனக்குக் கிடைத்தது ஒரே வேலை. வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம், சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக, நெட் வழியாகப் பேச வேண்டும்.

பேச்சின் நடுவே லைன் அறுந்தாலோ, வேலை நேரத்தில் சொல்லாமல் எழுந்து போனாலோ கம்பெனியில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார்கள். மாதத்தில் மூன்று புள்ளி சேர்ந்தால் வீட்டிலிருந்து வேலை கிடையாது, சென்னைக்குக் கிளம்பி வர வேண்டும். செல்போன் நெட் கூடாது. கூடும் என்றாலும் எங்கள் ஊரில் அது எடுக்காது. கொல்லைக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடித்தால் சிக்னல் ஒரு கோடு வரும்.

ஊருக்கே நெட் கொடுக்கிறவர் ஒரே ஒரு கேபிள்காரர். வீட்டுக்காரருக்குப் பங்காளி, தம்பி முறை. அவர் மாட்டிவிட்டுப் போன மோடம் பெட்டி எங்கள் ஓட்டு வீட்டு மாடி அறையில் வெயில் ஏறினால் கொதித்து, தானாகவே அணைந்து, தானாகவே எழுந்திருக்கும். பெட்டியை மாற்றச் சொன்னேன். இருப்பு இல்லை என்றார். நானே நல்ல மோடமாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"எங்க பெட்டி தவிர வேற எதும் லைன்ல எடுக்காதுங்க அண்ணி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் இருக்குது. சேலத்து ஆபீஸ்ல ஏத்துன நம்பர்னாத்தான் நெட் வரும்."

"அப்ப என்ற மோடத்து நம்பரையும் ஏத்தச் சொல்லுங்க தம்பி."

"வெளிப் பெட்டிய ஏத்த மாட்டாங்க."

சேலத்துக்கு மூன்று முறை போனேன். செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் ஆட்டோவுக்கு நின்று, நெட் ஆபீஸின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், அங்கிருந்த பெண் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, கேபிள்காரரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னாள். கேபிள்காரர், அவர்கள் சொல்லாமல் தான் எழுத முடியாது என்றார். எனக்கு வெறுத்துவிட்டது. யாரோ போட்டிருந்த ஒரு வீடியோவைப் பார்த்து, பழைய பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த நம்பரை எடுத்து, நான் வாங்கிவைத்திருந்த மோடத்துக்குள் எழுதினேன். ஆபீஸைப் பொறுத்தவரை என் மோடம்தான் அந்தப் பழைய பெட்டி. அன்று சாயங்காலம்வரை லைன் ஒரு தடவைகூட அறவில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. எடுக்காது என்று சொன்னவருக்கு எடுத்ததைக் காட்ட வேண்டும். அதோடு, அடுத்தவர் பொருளை வீட்டில் வைத்திருக்கவும் கூடாதே. எங்கள் பக்கம் எதையும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். பெட்டியைத் துடைத்துப் பையில் போட்டு, மேலே ஒரு சீப்பு ரஸ்தாளிப் பழத்தை வைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எடுக்குதுங்களா? சரி, ஓட்டிக்கங்க" என்று தலையைச் சொறிந்தார். எப்படி எடுக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியொரு கெட்டிக்காரி நான்.

பத்து நாள் நிம்மதி. அதற்கப்புறம் தினமும் மதியம் ஒரு மணிக்கு லைன் அறுந்தது. மோடத்தை அணைத்துப் போடுவேன், வரும். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போகும். மறுபடியும் அணைத்துப் போடுவேன். வாய்க்கு வந்தபடி கேபிள்காரரைத் திட்டுவேன். இரண்டு நாள் பேச்சின் நடுவே அறுந்து, இரண்டு புள்ளி விழுந்தது. மூன்றாவதுக்குப் பயந்து கேபிள்காரரைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அவர் வயரை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதே கம்ப்ளைண்ட்தான் பின்தெரு ஊட்லயும். நீங்க குடுத்த பெட்டியத்தான் அந்தப் புள்ளைக்குப் போட்டனுங்க. ஏற்கெனவே ஏத்துன பெட்டிங்களே, ஆபீசுக்கு அலைய வேண்டாம்னு."

எனக்கு விளங்கிவிட்டது. ஒரே நம்பரில் இரண்டு பெட்டி. பின்னால் போடுகிற பெட்டிக்கு லைன் கிடைக்கும், முன்னால் ஓடிக்கொண்டிருந்ததற்கு அறுந்துவிடும். இதைச் சொன்னால் என் மோடத்தைப் பிடுங்கிவிட்டுக் கொதிக்கிற பெட்டி ஒன்றை மாட்டுவார். மூன்றாவது புள்ளி அன்றைக்கே விழும். சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மறுநாள் ஒரு மணிக்கு லைன் போனது. போன் எதுவும் வந்திருக்கவில்லை, ஆனால் எந்த நொடியும் வரலாம். அணைத்துப் போட்டேன். இந்தத் தடவை, பின்தெருவில் அறுந்துவிடும் என்று தெரிந்தே செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மீதே அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலம் பின்தெருவுக்குப் போனேன். பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண் அவள். புருஷன் ரிக் வண்டியோடு போய் வடக்கே எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகியும் நேரில் பார்க்கவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு ரிக்கை நிறுத்துகிற அரை மணி நேரம்தான் அவனுக்கு. அதற்காகவே நெட் வாங்கி, ஒரு மணிக்குப் போட்டு, பேசி முடித்ததும் அணைத்துவைக்கிறாள்.

"மூஞ்சி தெரியும், உடனே போயிருமுங்க அக்கா. நாந்தான் கோவிச்சுக்கிட்டுப் போனை வெச்சர்றனாமா. அவிய ஊருக்கு வரலைன்னு நான் புள்ளையக் காட்ட மாட்டேங்கறேன்னு நெனச்சுக்கிட்டு, பாப்பாவோட அப்பா பேசறதே இல்லைங்க. நேத்து, இனிமே கூப்புடாதேன்னு மெசேஜ் போட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். நம்பரை எடுத்ததையும், மத்தியானம் அணைத்துப் போட்டதையும். அடிப்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எம்மேல தப்பில்லைங்களா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் தன்மீதுதான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இல்ல சாமி. தப்பு எம்மேலதான்."

"நாளைக்கு நீங்களே அவியகிட்டச் சொல்றீங்களா? நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க."

என் சாப்பாட்டு நேரம் இரண்டு மணி. அதை ஒரு மணிக்கு மாற்றித்தரச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன், முடியாது என்றார். ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போய்ச் சொல்லீட்டு வா. நா மாசக்கணக்குல ரோட்ல கெடந்தவன். எனக்குத் தெரியும்" என்றார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மோடத்தின் வயரைப் பிடுங்கிவிட்டுப் பின்தெருவுக்கு நடந்தேன். அவள் நான்கு முறை கூப்பிட்ட பிறகுதான் புருஷன் எடுத்தான். முகமெல்லாம் கல்தூசு. என்னைப் பார்த்ததும் விழித்தான். "உங்க ஊட்டுக்காரி போனை வெக்கலைங்க. லைனை அறுத்தது நானுங்க" என்று ஆரம்பித்து முழுக்கச் சொன்னேன். அவனுக்கு நம்பர் சமாச்சாரம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முகத்தைத் துண்டால் துடைத்தான், இரண்டாவது தடவையும் துடைத்தான்.

"பாப்பாவக் கொஞ்சம் கிட்டத்துல காட்டச் சொல்லுங்கக்கா" என்றான்.

அரை மணி நேரமும் லைன் அறவே இல்லை. நான் வீடு திரும்பி வயரைச் சொருகியபோது மூன்றாவது புள்ளியோடு மெயில் வந்து கிடந்தது. திங்கள்கிழமை சென்னைக்கு வர வேண்டும். வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

"என்னன்னு எழுதப் போற?"

"வர முடியாதுன்னுதான்."

பாத்ரூமுக்குப் போகும் நேரம் தாண்டியிருந்தது. இரண்டு கைகளையும் நீட்டினார். தோளில் போட்டுக்கொண்டு தூக்கினேன்.