நான் தள்ளிவிட்ட அலாரம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்பு சரியில்லையா என்று நிறையப் பேர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை... அவ்வளவுதான். ஏன் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

படப்பையில் நாங்கள் இருக்கும் மனைப்பிரிவில் இன்னும் பாதிக்கு மேல் காலி மனைதான். எங்கள் வீட்டுக்கும் ஏழுமலை ஐயா வீட்டுக்கும் நடுவே மூன்று மனை. முள்செடி, யாரோ கொட்டிவிட்டுப் போன ஜல்லி, நான்கு நாய்கள். பகலில் தெருவில் ஆள் இருக்காது. எல்லோரும் ஷிஃப்டுக்குப் போயிருப்பார்கள்.

ஏழுமலை ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று வருடம். ஒரே மகள் சுமதி, சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் மாமியார், மாமனாரோடு இருக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகளும் மருமகனும் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார்கள். ஐயா அசையவில்லை. தனக்கென்று வூடு கீது, கை கால் நல்லா கீது, அப்புறம் இன்னாத்துக்கு இன்னொருத்தர் வூட்டுக்குப் போகணும் என்பார்.

சமைப்பது, பெருக்குவது, மாடிச் செடிக்குத் தண்ணீர் விடுவது... எல்லாம் அவரேதான். வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தும் தொடவில்லை. பின்பக்கம் துவைக்கிற கல்லில் அடித்துத் துவைத்தால்தான் அவருக்குத் துணி துணியாக இருக்கும்.

சுமதிக்கு பயம். அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் மிஷின் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டை ஒட்டிய லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணி நேரம் அப்பா என்ன ஆனார் என்றே தெரியாது. அதனால் ஒரு வாட்ச் வாங்கி வந்தார். கட்டியிருப்பவர் கீழே விழுந்தால் அது தானாகவே கண்டுபிடித்துவிடும். முப்பது நொடிக்குள் அவர் ரத்து செய்யாவிட்டால், இரண்டு போன்களுக்கு அலாரம் அனுப்பும். ஒன்று சுமதியின் போன். இன்னொன்று... வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவள் என்பதால், என்னுடையது.

சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். இதில் என்ன சிரமம்?

முதல் அலாரம் வந்த அன்று, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினேன். ஐயா கல்லின் முன் சோப்பு நுரையோடு நின்றிருந்தார். துணியை ஓங்கி அடித்த வேகத்தை வாட்ச், விழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ரத்து செய்யலாமென்றால், ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் வேலை செய்யவில்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இரண்டாவது முறையும் ஓடினேன். மூன்றாவது முறை நடந்து போனேன். அதற்குப் பிறகு போன் செய்து கேட்பதோடு சரி. பிறகு அதுவும் குறைந்தது. துவைத்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவரே கூப்பிட்டு, துணிதாம்மா என்பார். சரிங்கய்யா என்பேன். நாளாக ஆக, அந்த போன் வருகிறதா என்று கவனிப்பதையும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. இந்தப் பக்கத்துக்கான கட்டுரையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். பத்தே முக்கால் வாக்கில் அலாரம் வந்தது. 'துணி' என்று நினைத்தேன். திரையிலிருந்து விரலால் தள்ளிவிட்டேன். எழுதினேன். அனுப்பினேன். சாப்பிட்டேன். சற்று நேரம் படுத்தும் இருந்தேன்.

இரண்டு மணிக்கு மேல் சுமதியிடமிருந்து போன். ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்திருக்கிறார். அலாரமும் அப்பாவின் வாட்சிலிருந்து ஒன்பது மிஸ்டு காலும் இருந்திருக்கின்றன. அவர் செல்போனுக்குக் கூப்பிட்டால் எடுக்கவில்லையாம்.

"அக்கா, அப்பாவப் பாத்தீங்களா?"

எழுந்தேன். ஓடினேன்.

பின்பக்க சிமென்ட் தரையில், துவைக்கிற கல்லை ஒட்டி, ஒருக்களித்துக் கிடந்தார். சோப்புத் தண்ணீர் வழுக்கியிருக்கிறது. இடுப்பை அசைக்க முடியவில்லை. வெயில் நேராக மேலே. கைக்கு எட்டிய பக்கெட்டிலிருந்து துண்டை நனைத்து நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் போனபோது பக்கெட் காலி. முகத்தில் இருந்த துண்டு காய்ந்து மொரமொரவென்று இருந்தது. அதை எடுத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வந்துட்டியா" என்றார்.

வாட்ச் பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் போகும். மகள் எண்ணைத்தானே போட்டிருப்பார்கள்? அது லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவருடைய செல்போன் வீட்டுக்குள் சார்ஜில். கத்தியிருக்கிறார். நாய்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன.

108-ல் தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு முறிவு. விலாவில் தரை சுட்ட கொப்புளங்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சுமதி யூனிஃபார்மோடே உட்கார்ந்திருந்தார். திடீரென்று திரும்பிக் கேட்டார்.

"உங்களுக்கு அலாரம் வரலையாக்கா?"

இதுவரை எத்தனையோ வாரம் உங்களுக்கு நேர்மை, பக்கத்து வீட்டு நேசம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னது இதுதான் – "வரலபோல இருக்கு சுமதி."

நம்பிவிட்டார். அழுதுகொண்டே அந்த வாட்ச் கம்பெனியைத் திட்டினார். நானும் சேர்ந்து தலையாட்டினேன். வாயில்லாத கருவி... என்ன பழி போட்டாலும் வாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

அது வாய் திறந்தது. சுமதி கம்பெனிக்குப் புகார் அனுப்பியிருக்கிறார். பத்து நாளில் பதில் வந்தது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. அலாரம் காலை 10.42-க்கு இரண்டு எண்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது எண்ணில் அதே 10.42-க்கு நிராகரிக்கப்பட்டது.

சுமதி என்னிடம் சண்டைக்கு வரவில்லை. அந்த மெயிலை எனக்கு அனுப்பிவைத்தார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்த வாரம்தான் என்னால் இந்தப் பக்கத்தை எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து சிங்கப்பெருமாள் கோவில் போனேன். சுமதியின் வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஐயா ஹாலில் ஒரு கட்டிலில் இருந்தார். வாக்கர் வைத்து பாத்ரூம்வரை போகிறார். கீழே இறங்க முடியாது. படப்பை வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு நடக்கிறது. யாரை வைப்பது, யாரை வைக்கக் கூடாது என்பதை மருமகன் முடிவு செய்கிறார். ஐயாவிடம் கேட்கவில்லை போலிருக்கிறது.

அலாரம் வந்தது, நான்தான் தள்ளிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். சுமதி சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

ஐயா வாக்கரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"வண்டிய ரிவர்ஸ் எடுத்தா பீப் பீப்னு கத்தும்மா. புதுசா வந்தவன் மொத வாரம் குதிச்சி ஒதுங்குவான். அப்பறம் காதுல ஏறாது. ஒரு தபா என் வண்டிலயே ஒருத்தன் காலு மாட்டிகிச்சி. அது கத்திக்கினுதான் இருந்துச்சி. அவன இன்னா சொல்றது... காது பழகிடும்."

என்னை மன்னிக்கத்தான் அதைச் சொன்னார். பிறகு அவரே, யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"நீ வந்துகினு இருப்பன்னு நெனச்சிக்கினே படுத்துக்கினு இருந்தேன்."

கேமரா, வாட்ச், சென்சார்... தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு என்னென்னவோ வந்துவிட்டது. வரட்டும், வேண்டியதுதான். ஆனால் எந்தக் கருவியும் ஓடிவந்து தூக்கிவிடுவதில்லை. கடைசியில் அது யாரோ ஒரு மனிதரைத்தான் கூப்பிடுகிறது. உங்கள் போனிலும் அப்படி ஓர் அலாரம் வரலாம். நூறாவது தடவையாக இருந்தாலும் எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள். ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தால், அது நல்ல நாள்.

கிளம்பும்போது சுமதி வாசல்வரை வந்தார். அன்றைக்கு என்னிடம் பேசியது அப்போதுதான்.

"அடுத்த தடவ வர்றப்ப போன் பண்ணிட்டு வாங்கக்கா. ஷிஃப்ட் இல்லன்னா நான் எடுப்பேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாரா, இல்லை என்னைக் குத்தினாரா... இரண்டு மாடிப் படியும் இறங்கி முடித்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.