ஆவூர் மைதானத்தில் ஆறு மணி

மாதா கோவிலை ஒட்டிய மைதானத்தில் கால்பந்துக் கிளப்புகளின் கோப்பைக்குக் கடைசி ஆட்டம் நடப்பதால், எங்கள் பஸ் ஆவூரிலேயே நிற்கிறது. டிரைவர் பார்க்கப் போய்விட்டார், நாங்களும் போகிறோம். ஆவூருக்கும் திருமயத்துக்கும் போட்டி. இன்னும் யாரும் கோல் போடவில்லை.

பக்கத்தில் நிற்கும் உள்ளூர் விவசாயியிடம், "யாருங்க ஜெயிப்பாங்க?" என்று கேட்கிறேன்.

"நாங்கதான். அதுக்குள்ள ஆறு மணி அடிக்காம இருக்கணும்."

அடித்துவிடுகிறது. மூன்று வேளையும் மாதாவை நோக்கிச் சொல்லும் திரிகால செபத்துக்கான மணி. ஓடியவர்கள் அப்படியே நின்று கண்ணை மூடிக் கைகூப்புகிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத திருமயத்தாரும் மரியாதையாக நிற்கிறார்கள். நானும் மாதாவை நினைத்துக் கண்ணை மூடுகிறேன். திறந்தால், பந்து ஆவூர்க் கோலுக்குள் கிடக்கிறது.

"காத்து தள்ளிருச்சு, செல்லாது!"

"உள்ள கெடக்குல்ல? கோல்தான்!"

நடுவரான வாத்தியார், "உருண்டதப் பாத்தது யாரு?" என்கிறார். செப நேரத்தில் கண் திறந்ததை யார் ஒப்புக்கொள்வார்கள்?

"அப்பப் பந்தப் பழைய எடத்துல வைங்க. செபத்த இன்னொரு தடவ சொல்லுவோம். மாதா விட்ட வழி" என்று வாத்தியாரே தீர்ப்புச் சொல்கிறார்.

இந்த முறை ஒரு கண்ணும் மூடவில்லை. காற்று வருகிறது. பந்து மெல்ல உருள்கிறது. ஆவூர்க் கோலைக் காக்கும் அந்தோணி, உதட்டில் மங்கள வார்த்தை செபம் ஓட, கூப்பிய கையோடு அதையே பார்க்கிறார்.

"கால நீட்டுறா அந்தோணி, கால நீட்டு" என்று விவசாயி செபத்துக்கு நடுவே முனகுகிறார்.

அந்தோணி நீட்டவில்லை. பந்து உள்ளே போகிறது. எல்லாரும் ஆமென் சொல்கிறோம். திருமயத்தார் குரல்தான் பலமாகக் கேட்கிறது.