மடிப்பு விழுந்த வானம்

சரிங்க அண்ணனுக்கு இந்த உலகத்தில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு ஜன்னல்தான் இருந்தது. அதையும் அவர் தம்பி கேட்டான், ஒரு மிஷினுக்காக. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவரும் நானும் பதினோரு வருஷமாக ஜோடி. இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பின் இரண்டு முனையை அவர் பிடிப்பார், மற்ற இரண்டை நான். எதிரெதிராக நடந்து வந்து முனைகளைச் சேர்ப்போம், பின்வாங்குவோம், மறுபடி சேர்ப்போம். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. இத்தனை முறை முகத்துக்கு முகம் வந்தும் அவர் வீடு எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. அவரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார், அதுவே பேராகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, தம்பி வீட்டில் இருக்கிறார். மற்றவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எண்ணெய் வண்ண வகுப்பில் அவரைச் சேர்த்துவிட்டது நான்தான். ஊழியர் மன்றத்தில் சனிக்கிழமை மத்தியானம் இயற்கைக்காட்சி வரையச் சொல்லித் தருவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஆறு பேர் சேராவிட்டால் வகுப்பு கிடையாதாம். என்னையும் சேர்த்து ஐந்துக்கு மேல் ஆள் தேறவில்லை. அவரைக் கேட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. கண்ணுக்குப் பழகிய ஓர் இடத்தை வரையுங்கள் என்றது அந்தப் பெண். அண்ணன் தன் அறை ஜன்னலில் தெரிவதை எடுத்துக்கொண்டார். ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலைந்து மொட்டை மாடிகள், பின்னால் ஒரு குன்று, மேலே வானம். வானத்தில்தான் மாட்டிக்கொண்டார். நீலத்தை இழுத்தார், தூரிகை போன தடம் தெரிந்தது. தடவி மட்டமாக்கினார். வெள்ளையைச் சேர்த்தார், அதையும் தடவினார். எண்ணெய் வண்ணம் லேசில் காயாது, தடவத் தடவ இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். சாயங்காலத்துக்குள் வானமும் குன்றும் ஒன்றாகக் குழம்பி, தரை துடைத்த தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டன. அடுத்த வாரமும் இதே கதை. வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யவில்லை. எங்கள் தொழிலில் சுருக்கத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து நிறுத்தியது.

"வானத்துல மடிப்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சார். அதை யாரும் போத்திக்கப் போறதில்ல. ஒரு தடவ வச்சா கையை எடுத்துடுங்க."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"எடுத்துட்டா, தப்பா இருந்தா?"

"இருக்கட்டும். உங்க தப்புதானே."

நான் நாலாவது வாரத்தோடு நின்றுவிட்டேன்; எனக்கு மரமெல்லாம் துடைப்பமாக வந்தது. அவர் ஒரு வாரம்கூட விடவில்லை. சலவைக்கூடத்தில் முனைகள் சேரும்போது ஒரு வாக்கியம் சொல்ல ஆரம்பித்தார். "வானத்தை முடிச்சிட்டேன்." அடுத்த விரிப்பு. "நாலே இழுப்பு." அடுத்த விரிப்பு. "கையை எடுத்துட்டேன்." ஒருநாள் ஓரம் கோணலாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் எரிந்து விழுந்தபோது, "அது தைக்கும்போதே அப்படித்தான் தைச்சிருக்காங்க" என்றார். நான் முனையை நழுவவிட்டேன்.

அதன் பிறகு ஒரு புதன்கிழமை, ஆறு விரிப்பில் விஷயத்தைச் சொல்லி முடித்தார். தம்பி, ஏறி நின்ற இடத்திலேயே நடக்கிற உடற்பயிற்சி மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறான். அதற்குக் காற்றோட்டம் வேண்டும். அதனால் அண்ணன் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறைக்குப் போக வேண்டும். முன்னறையிலிருந்து நடு அறைக்கும், நடு அறையிலிருந்து பின்னறைக்கும் ஏற்கெனவே தள்ளப்பட்ட மனுஷன். "சரின்னுட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கட்டில் தூக்க ஒரு ஆள் வேண்டும், வர முடியுமா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன்.

சாமான் அறைக்கு ஜன்னல் இல்லை. பின்னறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னல் விளிம்பில் அந்தப் படம், இன்னும் ஈரமாக. நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய்; தண்ணீர்த் தொட்டி சாய்ந்திருந்தது. ஆனால் வானத்தில் தூரிகைத் தடம் தடிமனாக, கூச்சமே இல்லாமல் நின்றது.

தலைமாட்டில் அவர், கால்மாட்டில் நான். கட்டிலைத் தூக்கினோம். கதவருகே நின்ற தம்பி படத்தைக் காட்டினான்.

"அதையும் எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே, எண்ணெய் நாத்தம் தாங்கல. அங்க ஒரு ஆணி அடிச்சுத் தரேன்."

"அது இன்னும் காயல" என்றார் அண்ணன்.

"அங்க காயட்டும்."

அண்ணன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கட்டிலைக் கீழ வைங்க."

வைத்தேன்.

"நான் போகல. மிஷினைக் கூடத்துல போட்டுக்க. அதுக்கு வேடிக்கை பாக்கத் தெரியாது."

"சரின்னு சொன்னீங்களேண்ணே."

"சொன்னேன். என் தப்புதான்."

சொன்னதை மேலும் கீழும் தடவிச் சமாதானம் பண்ணப் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

ஜன்னல் அவருக்கே தங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்கத் தம்பி மனைவி சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாளாம். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"கஷ்டமா இருக்காண்ணே?" என்றேன்.

இரண்டு விரிப்பு மடித்தோம்.

"இருக்கு" என்றார். "முன்னாடி மட்டும் என்ன பேசினாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். கொஞ்சம் நகருங்கம்பாங்க. அவ்வளவுதான்."

அடுத்த விரிப்பில் முனைகள் சேர்ந்தபோது அவர் பின்வாங்கவில்லை. விரிப்பைப் பிடித்தபடியே நின்றார்.

"உங்க வீட்டு ஜன்னல்ல என்ன தெரியும்?"

பதினோரு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"பக்கத்து வீட்டுச் சுவர்தான். நான் தனி ஆளுண்ணே, அதைத் திறந்தே வருஷக்கணக்காச்சு."

"அந்தச் சுவத்துல வெயில் எப்ப விழும்?"

எனக்குத் தெரியவில்லை. உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்து பிடிக்க ஆளில்லாமல் தரையில் விழுந்தது. அவர் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.