நாளந்தா வாசல்காரர்களும் ஜுபைல் தொட்டியும்

பிள்ளைகளே, பழிவாங்குவது தப்பு என்று உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். நான் ஒருமுறை பழிவாங்கியிருக்கிறேன். இன்றுவரை வருத்தமில்லை.

அரபு நாட்டில், ஜுபைலில் எனக்கு ஆலை வேலை. ஊரில் என் மகளுக்கு நாளந்தா பற்றிப் பாடம். கேம்ப் பஸ்ஸில் போனை ஸ்பீக்கரில் போட்டு, அதைப் பற்றிய ஒரு கட்டுரையை எழுத்துக்கூட்டி அவளுக்கு வாசித்துக்கொண்டு வந்தேன். "ஆயிரக்கணக்கான பிக்குகள் தங்கிப் படிச்ச இடம்மா. சீனாவுலேர்ந்துகூட வந்தாங்களாம்..."

முன்சீட்டில் இருந்த எங்கள் இன்ஜினியர் திரும்பினார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், தமிழர்தான். "என்னண்ணே, பத்தாங்கிளாஸே தாண்டல, நாளந்தாவுக்கா? உங்களை வாசல்ல காவல் நிக்கத்தான் விடுவாங்க."

பஸ்ஸே சிரித்தது. "அப்பா, அப்புறம் பேசுறேன்" என்று மகள் வைத்துவிட்டாள். சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன். அவள் குரல் சுருங்கியதைத்தான் தாங்கமுடியவில்லை.

அறைக்குப் போய் மீதியையும் வாசித்தேன். நாளந்தாவின் வாசலில் நின்றவர்களே பெரிய படிப்பாளிகளாம். சேர வருகிறவர்களிடம் கடினமான கேள்வி கேட்பார்களாம். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பதில் தெரியாமல் திரும்பிப்போவார்களாம். என் வேலையும் அதுதானே! ரசாயனத் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது, அதன் திறப்பருகே உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களைக் கேள்வி கேட்டு, பெயர் எழுதி அனுப்புவது. அதிகாரிகள் வந்தால் மட்டும் எதுவும் கேட்காமல் சலாம் வைத்து விட்டுவிடுவோம். அது எங்கள் வழக்கம்.

நான்கு நாள் காத்திருந்தேன். தொட்டிக்குள் போக இன்ஜினியர் வந்தார். குறுக்கே கையை நீட்டினேன்.

"உள்ள கேஸ் எப்ப செக் பண்ணாங்க, சார்?"

"போர்டுல இருக்கும், பாருய்யா."

"சைரன் அடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்?"

"யோவ், நான் யாருன்னு தெரியும்ல?"

"நல்லாத் தெரியும் சார். பதில் தெரியாதவங்களுக்கு உள்ள மாஃபி, எடமில்ல. படிச்சிட்டு வாங்க."

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நேபாளி வாய்விட்டே சிரித்தான். பாதுகாப்பு அதிகாரியிடம் இன்ஜினியர் முறையிட்டுப் பார்த்தார். விதி என் பக்கம் என்று அவர் சொல்லிவிட்டார். இன்ஜினியர் வெயிலில் நடந்துபோய், போர்டை வாசித்து, அரைமணி கழித்து வந்து பதில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். உள்ளே விட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை.

சாயங்காலம் அதே பஸ். மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "காஞ்சிபுரத்துக்காரர் ஒருத்தர் நாளந்தாவுக்கே தலைவரா இருந்தாராம்மா..."

"அப்பா, அன்னைக்குச் சிரிச்சாங்களே, அவங்க இருக்காங்களா?"

"முன்சீட்லதான் இருக்கார். நீ எழுதிக்கோ."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளந்தா தீயில் எரிந்த கதைவரை வாசித்தேன். சத்தத்தைக் குறைக்கவில்லை.