தகரத்துக்குக் கீழே ஒரு பலகை

எங்கள் வீட்டுக் கூரைக்கு அடியில் பலகை அடித்துத் தர அரசாங்கம் உதவித் தொகை கொடுத்தது. வாங்கிக் கொடுத்தவள் நான். கெட்டிக்காரப் பெண் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

அது எழுபதுகள். எண்ணெய் விலை ஏறி, மின்சாரக் கட்டணமும் கூடவே ஏறியிருந்த சமயம். எங்கே பார்த்தாலும் விளக்கை அணை, விசிறியை நிறுத்து என்று சுவரொட்டிகள். பழைய கடைவீடுகளில் வெயிலைத் தடுக்கக் கூரைக்கு அடியில் பலகை அடித்தால் விசிறி ஓடுவது குறையும், மின்சாரம் மிச்சமாகும் என்று யாரோ யோசித்து, எங்கள் வட்டாரத்தில் சில வீடுகளுக்கு மட்டும் ஒரு உதவித் திட்டம் வைத்தார்கள். கொஞ்ச காலம்தான் இருந்தது. இன்றைக்கு விசாரித்தால் அப்படி ஒன்று இருந்ததா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

நாங்கள் சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே மளிகைக் கடை. எங்கள் பகுதி பின்னால் நீட்டிக் கட்டியது, மேலே வெறும் தகரம். அம்மா, அப்பா, நான், மூன்றே பேர். எனக்கு இருபது வயது. காலாங் பக்கம் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழு முதல் மூன்று வரை கம்பிகளைப் பற்றவைத்துவிட்டுக் கண்ணெரிச்சலோடு வீடு வருவேன். ஷிப்ட் மாறும் வாரங்களில் பகலில் வீட்டில் இருப்பேன்.

அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு போய்விட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகள் மட்டும் பழையபடி இரும்பாக இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். அடிமுதுகில் படுக்கைப்புண் இருக்கிறது, மல்லாக்கப் படுக்கவே கூடாது, ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். உடம்பு சூடேறக் கூடாது, ஏனென்றால் இனி அந்த உடம்புக்குச் சரியாக வேர்க்காது.

வேர்க்காத உடம்பைத் தகரத்துக்குக் கீழே படுக்க வைத்திருந்தோம். மதியம் ஒரு மணிக்கு மேல் அந்த அறையில் சுவரைத் தொட்டால் கை சுடும். அப்பாவின் முகம் சிவந்து, கண் செருகி, நாக்கு வறண்டுபோகும். நெஞ்சில் கை வைத்தால் இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி இருக்கும். அம்மா ஈரத்துணி போட்டுக்கொண்டே இருப்பாள். இருந்த ஒரே மேசை விசிறி இரவு பகலாக அவர் பக்கம் ஓடியது. புண்ணும் ஆறவில்லை. வாரம் ஒரு முறை கட்டு மாற்ற வரும் நர்ஸ் மிஸ்ஸி, “இந்த சூட்ல எப்படிம்மா ஆறும்? புண் உள்ள போயிட்டே இருக்கு. எலும்பைத் தொட்டுச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல,” என்றார். உதவித் திட்டம் பற்றிச் சொன்னதும் அவர்தான்.

நான் விண்ணப்பப் பாரம் வாங்கி வந்து நிரப்பினேன். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதிகாரி ஒருவர் பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டைப் பார்க்க வருவார் என்று நாள் குறித்திருந்தார்கள்.

அம்மா அதைக் கேட்டதும் பதறிவிட்டாள்.

“ரெண்டு மணிக்கா? அந்த நேரத்துல இங்க மனுஷன் உக்கார முடியுமா? பாவம்டி. காலையில வரச் சொல்லு. வெயிலுக்கு முன்னாடி வந்துட்டுப் போகட்டும்.”

கீழே மளிகைக் கடைத் தொலைபேசியிலிருந்து நான்தான் பேசினேன். அதிகாரி சௌகரியம் என்று சொல்லி நன்றி சொன்னார். வீட்டுக்கு வருபவர் வெயிலில் வாடக் கூடாது என்பது எங்களுக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது. வெயிலைக் காட்டத்தான் அவரைக் கூப்பிட்டோம் என்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை. அம்மாவையாவது மன்னிக்கலாம். நான் ஆங்கிலம் படித்தவள், பாரத்தை என் கையால் நிரப்பியவள்.

அன்று அம்மா நான்கு மணிக்கே எழுந்து தரையைக் கழுவிவிட்டாள். ஜன்னல்களில் ஈரப் புடவைகளைத் தொங்கவிட்டாள். கட்டிலைச் சுற்றித் திரை கட்டி அப்பாவை மறைத்தாள். பவுடர் வாசம் மருந்து வாசத்தை அமுக்கிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு நிற்கும் விசிறியை இரவல் வாங்கி வந்து நாற்காலிக்கு எதிரே வைத்தேன். தோடும் சங்கிலியும் போட்டுக்கொண்டேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

எட்டரை மணிக்கு அதிகாரி வந்தார். மெலிந்த சீன இளைஞர், என்னைவிட நான்கைந்து வயது பெரியவராக இருக்கலாம். சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டு விளக்குகளையும் விசிறிகளையும் எண்ணினார். விசிறி இரண்டு என்று எழுதிக்கொண்டார். அம்மா ஐஸ் போட்ட ரோஜாப்பால் கொண்டு வந்து நீட்டினாள். ஐஸ் கீழ்க் கடையில் வாங்கியது. அவர் மலாயில், வீடு ரொம்பச் சூடாக இருக்குமா என்று கேட்டார்.

“தாப்பா, தாப்பா லா,” என்றாள் அம்மா சிரித்துக்கொண்டே. பரவாயில்லை, பரவாயில்லை. யார் என்ன கேட்டாலும் அவள் சொல்லும் பதில் அதுதான். பழகிவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து நிமிடம் எங்கள் வீடு நல்ல வீடாக இருந்தது. ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்வேன். என் முறை வந்தபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. வீட்டில் காற்றோட்டம் போதுமான அளவு இருப்பதால் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து அப்பா கூப்பிட்டார். விபத்துக்குப் பிறகு அவர் எதற்கும் குறை சொன்னதில்லை. சோறு ஆறிப்போனாலும், நாங்கள் தூங்கிப்போய்த் தண்ணீர் கொடுக்க மறந்தாலும், ஒரு வார்த்தை வராது. அன்று சொன்னார்.

“இன்னொரு வாட்டி எழுதிப் பாரேம்மா. மத்தியானத்துல மட்டும் தாங்க முடியல.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. மறுநாளே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். அதே அதிகாரிதான் முகப்பில் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, ரோஜாப்பால் நன்றாக இருந்தது என்றார். நான் அழுதுவிட்டேன். பேசத் தயார் செய்து வந்த ஆங்கிலம் ஒன்றும் வரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள், ஒரே ஒரு முறை மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாட்காட்டியைப் புரட்டி ஒரு நாளைக் குறித்துவிட்டு, மறு ஆய்வுக்கு ஒரே ஒரு தடவைதான் வர முடியும், அதோடு கோப்பை மூடிவிடுவார்கள் என்றார்.

அந்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் புண் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. இரண்டு முறை காய்ச்சல் வந்து அப்பா பிதற்றினார். எப்போதோ செத்துப்போன கூட்டாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கயிற்றைப் பிடி என்றார். அம்மா மாதா படத்தின் முன்னால் முழங்காலில் நின்றபடியே தூங்கிப்போவாள். நான் நாட்களை எண்ணினேன்.

அன்று நான் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட அனுமதிக்கவில்லை. ஈரத்துணிகளை ஒளித்து வைத்தேன். திரையை அவிழ்த்தேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், நான் காதில் வாங்கவில்லை.

இரண்டு மணி தாண்டி அதிகாரி படியேறி வந்தார். வாசலைத் தாண்டியதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவர் வெப்பமானியை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. நேரே போய் அப்பாவின் விசிறியை எடுத்து அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

நான் அதைத் திரும்ப அப்பா பக்கம் வைத்தேன். அவள் மறுபடி அதிகாரி பக்கம் வைத்தாள். “வந்த மனுஷன் வேர்த்துக் கொட்டுறாரு, என்னடி பண்ற நீ?” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அம்மா, அப்பாவப் பாரும்மா!”

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகம் செம்புபோலச் சிவந்திருந்தது. அந்த நிலையிலும் அவர் அதிகாரியைப் பார்த்துப் புன்னகை செய்ய முயன்றார். “சாருக்கே வைம்மா. எனக்குப் பரவால்ல,” என்றார். அப்புறம் அவருக்கும் புரியட்டும் என்று மலாயிலும் சொன்னார். “தாப்பா, துவான்.”

அதிகாரி தலையாட்டி நன்றி சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. இவர்கள் இரண்டு பேரும் உபசாரம் செய்துகொண்டே சாகப்போகிறார்கள், என்னையும் பார்த்துக்கொண்டே நிற்க வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. நான் கட்டிலருகே போனேன். அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். போர்வையை இழுத்தெறிந்தேன். கைலியை இடுப்புக்குக் கீழே தள்ளினேன். புண்ணின் கட்டைப் பிரித்து, அந்த மனிதருக்குக் காட்டினேன்.

“லுக்,” என்றேன். “யூ லுக்.”

அதுவரை நான்கூட அந்தப் புண்ணை முழுதாகப் பார்த்ததில்லை. கட்டு மாற்றும்போது அப்பா என்னை வெளியே போகச் சொல்வார். வளர்ந்த பெண் பார்க்கக் கூடாது என்பார். அம்மாவும் மிஸ்ஸியும் மட்டும்தான் பார்த்தவர்கள். நடுவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது எலும்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். பேனா கீழே விழுந்தது.

“மூடு,” என்றார் அப்பா.

நான் மூடவில்லை. அவர் பார்க்கட்டும், நன்றாகப் பார்த்து எழுதட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கையைப் பின்னால் நீட்டிக் கைலியைத் தேடினார். எட்டவில்லை. “மூடும்மா,” என்றார் மறுபடி. குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. அம்மா ஓடி வந்து தன் முந்தானையை அவர் மேல் போட்டாள். என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அதிகாரி வெப்பமானியைப் பார்க்காமலேயே கழற்றிக்கொண்டு, “சோரி, அங்கிள்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பத்தே நாளில் இரண்டு ஆட்கள் சாம்பல் நிறப் பலகைகளோடு வந்தார்கள். தகரத்துக்குக் கீழே சட்டம் அடித்து, பலகை வைத்து, காற்று போக இடைவெளி விட்டார்கள். ஒரு நாள் வேலை. மறுநாள் மதியமே வித்தியாசம் தெரிந்தது. இரவில் விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்க முடிந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் நின்றது. அம்மா மறுபடி என்னோடு பேசத் தொடங்கினாள். மிஸ்ஸி வந்து அண்ணாந்து பார்த்து, “அப்பாடா, இனிமே ஆறிடும்,” என்றார்.

ஆறவில்லை. ஒரு மாதம் கழித்து மிஸ்ஸி கட்டைப் பிரித்துவிட்டு அம்மாவைத் திட்டினார். கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

“மல்லாக்கப் படுக்க வைக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? இது நசுங்கின புண்ணு. வலி தெரியாதுங்கறதால இப்படியே போட்டு வெச்சிருக்கீங்களா?”

காலையில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பவளே அம்மாதான். அவளுக்குக் காரணம் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் வேலை முடிந்து வந்து மரப்படியில் கால் வைத்ததும், மேலே கட்டில் கம்பி கிறீச்சிடும். அப்பா தன் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துத் தன்னை இழுத்துப் புரட்டி, அந்தப் புண்ணின் மேலேயே மல்லாந்து படுத்துக்கொள்வார். நான் உள்ளே வரும்போது போர்வை கழுத்து வரை இருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்பார். முகம் கொடுத்துத்தான் பேசுவார். நான் அந்த அறையில் இருக்கும்வரை, என்ன சொல்லியும் முதுகைத் திருப்ப மாட்டார்.

அதன் பிறகு நான் மூன்று மணிக்கு வேலை விட்டாலும் வீட்டுக்குப் போகமாட்டேன். தேக்கா சந்தையில் ஒன்றும் வாங்காமல் சுற்றுவேன். இருட்டும்வரை பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் போகாத நேரமெல்லாம் அவர் ஒருக்களித்துப் படுத்திருப்பார்.