வட்டப் பாதையில் கெர்வின் போலாண்ட்

கெர்வின் போலாண்ட் இன்ஜின் டிரைவர், நான் அடுப்புக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன். கிழக்கு ஜெர்மனியில், பெர்லினுக்கு வடக்கே, ஒரே இன்ஜினில் சில வருடங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். அதற்கு முன் அவர் நீண்ட தூர எக்ஸ்பிரஸ் ஓட்டியவர். புதிதாக வந்த டாங்க் இன்ஜினில் தன்னைப் போட்டதை அவர் பதவியிறக்கமாகத்தான் எடுத்துக்கொண்டார். பாய்லரின் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டிகள், எங்கள் முதுகுக்குப் பின்னால் கரி, நடுவில் அடுப்பின் வெக்கையோடு நாங்கள் இருவரும். "குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் மாட்டிக் குடுத்திருக்கானுங்க" என்றார் முதல் நாள்.

ஒரு மாதத்துக்குள் அந்தப் பேச்சு மாறிவிட்டது. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அந்த இன்ஜினுக்கு ஒரே வேகம். கடைசி நிலையத்தில் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. ரயிலின் மறுமுனையில் கோத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். இரண்டடுக்குப் பெட்டிகள் நிறைய ஆட்களோடு நின்றாலும், ஆவி விடும் ரெகுலேட்டரைத் திறந்ததும் திமிறிக்கொண்டு எழும். நிலையத்துக்கு நிலையம் நின்று போகிற குறுகிய ஓட்டத்துக்கென்றே போட்ட கணக்கு அது. "இதை வரைஞ்சவன் ஒரு நாளாவது வேலைக்கு லேட்டாப் போயிருப்பான்" என்று போலாண்ட் சொல்வார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அவருடைய மனைவி ரோஸ்விட்டாவும் மகள் அன்னெலோரெயும் ஃப்ரோனாவுக்குப் போனார்கள். ரோஸ்விட்டாவின் தங்கைக்குப் பிறந்தநாள். ஃப்ரோனா மேற்கு பெர்லின்தான், ஆனால் ஹோஹன் நொயென்டார்ஃபில் இருந்த இவர்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அரசாங்கம் நடுவே முள்கம்பி இழுத்து எல்லையை மூடிவிட்டது.

முதல் சில நாட்கள் மேற்குக்காரர்களை மட்டும் உள்ளே வரவிட்டார்கள். தங்கையின் கணவர் வந்தார். சமையலறையில் அவர்கள் பேசிக்கொண்டபோது நானும் இருந்தேன். ரோஸ்விட்டா திரும்பி வரத் தடை இல்லை, ஆனால் வந்தால் மறுபடி வெளியே போக முடியாது; என்ன செய்யட்டும் என்று கேட்டனுப்பியிருந்தாள். போலாண்ட் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"வர வேண்டாம்னு சொல்லுங்க. பொண்ணு அங்கயே இருக்கட்டும். நான் ஏதாவது வழி பாத்து வந்துடறேன்."

வழி எதுவும் திறக்கவில்லை. டிரைவர்கள் பலர் அந்தப் பக்கம் போய்விட்டதால் ஆள் பஞ்சம். அதனால் அவரை வேலையிலிருந்து எடுக்கவும் இல்லை. நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்த மின்ரயில் நின்றுபோனதில், அந்தக் கூட்டம் மொத்தமும் மேற்கு பெர்லினைச் சுற்றிப் போகும் வட்டப்பாதை ரயில்களில் ஏறியது. எங்கள் இன்ஜினையும் அந்தப் பாதையில் போட்டார்கள். குறுகிய ஓட்டத்துக்குச் செய்த இன்ஜின், இப்போது கனத்த ரயிலை இழுத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றியது. ஓரிடத்தில் தண்டவாளம் ஃப்ரோனாவின் பைன் மரங்களுக்கு எதிரே போகும். அங்கே போலாண்ட் தலையைத் திருப்பாமல் நேராகப் பார்த்து ஓட்டுவார்.

அவர் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி பணிமனைத் தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் மறுநாளே அதைப் போலாண்டிடம் சொல்லிவிட்டேன்.

"என்னன்னு எழுதிக் குடுக்கப் போற?"

"வெங்காயம் ரொம்பத் தின்னுறீங்கன்னு."

"அதுக்கே உள்ள போட்டுருவாங்க" என்றார்.

அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில்தான் அது நடந்தது. கிளம்பிய நிலையத்தில் தண்ணீர்க்குழாய் பழுது. தொட்டி பாதிதான் இருக்கிறது என்று போலாண்ட் சொல்லிப் பார்த்தார். ரயிலை நிறுத்தி வைக்க முடியாது, போகிற வழியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கரியும் மட்டம், பாதிக்கு மேல் தூள். டாங்க் இன்ஜினில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீரின் எடையும் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். தொட்டி காலியாகக் காலியாகப் பிடிமானம் குறையும். ஈர இலைகள் படிந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றியது. மணலைக் கொட்டிக் கொட்டி ஏறினோம். ஹென்னிக்ஸ்டார்ஃப் நிலையம் தாண்டியதும் சிவப்பு விளக்கு எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. அது பச்சையாகி நாங்கள் மேட்டுப்பாதையில் ஏறும்போது தொட்டி வறண்டுவிட்டது. பாய்லரின் கண்ணாடிக்குழாயில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்திருந்தது.

அவர் பிரேக்கைப் போட்டார். எதிரே ஃப்ரோனாவின் மரங்கள்.

"தீயைக் கொட்டுடா."

"இங்கயா?"

"பாய்லர் வெடிச்சா ரயில்ல இருக்கறவங்க என்ன ஆவாங்க? கொட்டு."

எரிகிற கரியைத் தண்டவாளத்தின் மேல் கொட்டினேன். இன்ஜின் அடங்கிப்போனது. ரயில்வே போலீஸ் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடி வந்தது. மீசை சரியாக அரும்பாத ஒரு லெப்டினன்ட் துப்பாக்கியோடு மேலே ஏறினான்.

"நிக்கறதுக்கு இந்த இடம்தான் கெடச்சுதா, தோழர் டிரைவர்? உங்க மனைவி அந்தப் பக்கம் இருக்காங்க."

"ஆமா, இருக்கா. தண்ணி இங்க தீந்துது. ஓடிப்போக நெனச்சவன் தீயைக் கொட்டுவானா?"

"கால் இருக்குல்ல."

"என் முட்டியைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் போலாண்ட்.

வேறு இன்ஜின் வந்து சேரும்வரை எங்களை இறங்கவே விடவில்லை. சிறுநீர் கழிக்கக்கூட கரிப்பக்கம் திரும்பி நின்றுதான். மதியம் முழுக்க அந்தக் குளிர்ந்துபோன தொட்டிகளுக்கு நடுவே நின்றோம். அன்று முதன்முறையாக அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

"அந்த சிவப்புக் கூரை தெரியுதா? அதுக்கு ரெண்டு தெரு தள்ளி."

கத்தினால் கேட்குமா என்றேன்.

"கேக்கும்" என்றார். "கேட்டு அவ வேலியண்ட ஓடி வந்தா? சுட்டுருவானுங்க."

விசாரணையில் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் அவரை ஓட்டுவதிலிருந்து எடுத்து, பணிமனையில் பாய்லர் கழுவும் வேலைக்குப் போட்டார்கள். பென்ஷன் வயதான அறுபத்தைந்து வரும்வரை ரப்பர் பூட்ஸோடு சேற்றுத் தண்ணீரில் நின்றார்.

பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை மேற்கே போய் உறவினரைப் பார்த்து வரலாம் என்று அதற்குள் அனுமதி வந்திருந்தது. அவர் ஒரு சின்னப் பெட்டியோடு கிளம்பினார். இனி வரமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். வராவிட்டால் அரசாங்கத்துக்கும் பென்ஷன் மிச்சம்தான். ஆனால் மூன்றாவது வாரம் காப்பிப் பொட்டலத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"அங்க என்ன குறை?" என்று கேட்டேன்.

"குறையில்ல. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. பேரன் என்னை வெளியாள் மாதிரி 'நீங்க'ன்னு கூப்பிடறான்." காப்பிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "வர வேண்டாம்னு சொன்னது நெஜமாவே நான்தானான்னு ரோஸ்விட்டா கேட்டா. கோவமா இல்ல. தெரிஞ்சுக்கலாம்னு கேக்கற மாதிரி. ஆமான்னேன். அப்புறம் எங்களுக்குள்ள பேச்சே ஓடல."

ஆனாலும் ஒவ்வொரு வருடமும் போனார். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் கூடுதலாக இருந்தார். கடைசியாகப் போனபோது நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார். ரோஸ்விட்டா அவரை ஐந்து மாதம் வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் மாலை பேச்செல்லாம் சரளமாக இருந்ததாகவும், இரண்டு பேரும் சீட்டாடியதாகவும், அவர் ஏமாற்றி ஜெயித்ததாகவும் பிறகு எழுதியிருந்தாள். ஃப்ரோனாவிலேயே அடக்கம் செய்தார்கள். நான் அனுமதி கேட்டேன். நெருங்கிய உறவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

அவர் வீட்டை ஒரு மின்தொழிலாளியின் குடும்பத்துக்கு ஒதுக்கினார்கள். போலாண்டின் சாமான்களை இறக்கப் போயிருந்தேன். அலமாரி படியில் சிக்கிக்கொண்டது. அந்த மின்தொழிலாளியும் நானும் அதை மேலேயும் தள்ள முடியாமல் கீழேயும் இழுக்க முடியாமல் நின்றோம். அவர் என் வயதைக் கேட்டார். நாற்பத்தைந்து என்றேன்.

"அப்ப அந்தப் பக்கம் போக இன்னும் இருபது வருஷம்" என்றார் அவர். நான் அலமாரியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினேன்.